ஏடும் பூட்டும்

அயர்லாந்துக்கு வம்சம் தேடி வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தன் பாட்டனுக்குப் பாட்டன் எந்தக் குடிசையில் பிறந்தான் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர் ஒருவர். தன்னைப் பெற்றவள் யார் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர் இன்னொருவர். முதலாமவருக்கு நாற்காலி போடுகிறார்கள், தேநீர் கொடுக்கிறார்கள், இருநூறு வருஷத்து ஞானஸ்நான ரிஜிஸ்தரைத் தூசி தட்டி விரித்து வைக்கிறார்கள். இரண்டாமவர் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தையாக இருந்து வளர்ந்தவர். அவருக்குத் தம்முடைய பிறப்புச் சான்றையே கேட்டுப் பெறும் உரிமை 2022-ம் ஆண்டு வரையில் அந்தத் தேசத்தின் சட்டத்தில் இல்லை.

ஐந்தாறு தலைமுறைக்கு முன் மண்ணோடு மண்ணாகிப் போனவனைத் தேடினால் உபசாரம்; உயிரோடு இருக்கக்கூடிய தாயைத் தேடினால் பூட்டு. இதைப்போலத் தலைகீழான நியாயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஏட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அந்த ஏடு முதலில் அவருக்குத்தான் சொந்தம். சரித்திர ஆசிரியர், உல்லாசப் பிரயாணி, சர்க்கார் எல்லாரும் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். இதுதான் என் கட்சி.

இப்படிச் சொல்வதனால், முன்னோரைத் தேடுவதே வெட்டிவேலை என்று பரிகாசம் செய்கிறவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். "செத்தவனைப் பற்றித் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பது சுலபம். அந்தத் தேசத்தின் கதையை அறிந்தவர்களுக்கு அப்படிக் கேட்க நா எழாது. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. 1841-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 82 லட்சமாக இருந்த ஜனத்தொகை, 1851-ல் ஏறக்குறைய 65 லட்சமாக இறங்கிவிட்டது. பத்து லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். பஞ்சம் தீர்ந்த பிறகும் கப்பல்கள் நிற்கவில்லை. வடக்கும் தெற்கும் சேர்த்து இன்று அந்தத் தீவில் இருப்பவர்கள் எழுபது லட்சத்துக்குச் சற்று அதிகம். 1841-ல் இருந்த ஜனங்கள் இன்னும் அங்கே திரும்பி வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போகிறவர்களை அவர்கள் வழியனுப்பிய விதம் நெஞ்சை உலுக்குவது. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் வழக்கம் அந்த ஜனங்களுக்கு உண்டு. ஒரு பையனோ பெண்ணோ மறுநாள் கப்பலேறப் போகிறது என்றால், முதல்நாள் இரவு அதே மாதிரி அக்கம்பக்கத்தார் கூடி விழித்திருப்பார்கள். ஆட்டமும் பாட்டும் நடக்கும். விடியும்போது ஒப்பாரி கிளம்பும். 'அமெரிக்க இழவு' என்றே அதற்குப் பெயர். போகிறவர்களுக்குப் பதினேழு பதினெட்டு வயது, நல்ல ஆரோக்கியம். ஆனால் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் சொற்பம். உயிரோடு நிற்கிற பிள்ளைக்கு இழவு கொண்டாடிய குடும்பங்களின் வாரிசுகள், இன்று "அந்தப் பிள்ளை போய் என்ன ஆனது?" என்று கேட்டால் அதை வெட்டிவேலை என்று யார் சொல்ல முடியும்?

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தத் தேடல் தொடங்கியது செத்தவர்களைப் பற்றி அல்லவே அல்ல. பாஸ்டன் நகரத்தில் 'பைலட்' என்று கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்று நடந்தது. அதில் 1831 முதல் 1921 வரை, தொண்ணூறு வருஷம், காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட விளம்பரங்கள்! இன்னார், இன்ன ஜில்லா, இன்ன பங்கு, இன்ன வருஷம் புறப்பட்டான், இன்ன துறைமுகத்தில் இறங்கினான், கடைசியாக இன்ன கால்வாய் வேலையில் இருந்ததாகக் கேள்வி. தகவல் தெரிந்தவர்கள் தமக்கைக்கு எழுதவும். இவ்வளவுதான் விளம்பரம். முன்னே போன புருஷனை மனைவி தேடுகிறாள்; அண்ணனைத் தங்கை தேடுகிறாள்; மகனைத் தாய் தேடுகிறாள். கதை எழுதிப் பிழைக்கிற எங்களுக்கு இருநூறு பக்கத்தில் வராத சோகம் அந்த நாலு வரியில் வந்துவிடுகிறது.

நியூயார்க்கில் 1850-ல், ஊர்விட்டு வந்த அயர்லாந்துக்காரர்களுக்காக ஒரு சேமிப்பு பாங்கி ஏற்பட்டது. பணம் போட வந்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இன்னொருவன் வந்து பணத்தை வாங்கிப் போய்விட்டால்? அதற்காகக் குமாஸ்தா ஒரு புத்தகத்தில் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்: பிறந்த ஊர் எது, அப்பா பெயர் என்ன, அம்மா பெயர் என்ன, உடன்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், எந்தக் கப்பலில் வந்தாய்? பணம் வாங்க வரும்போது அதே கேள்விகளைக் கேட்டு, பதில் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்கள். கிணறு வெட்டும் கூலியாளும் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் தாய் தகப்பன் பெயரைச் சொல்லித் தங்களை நிரூபித்தார்கள். அந்தப் புத்தகங்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. பெற்றவர் பெயர் தெரிந்திருப்பது மனிதனுக்கு எவ்வளவு அடிப்படையான சொத்து என்பதற்கு ஒரு பாங்கியின் கணக்குப் புத்தகம் சாட்சி சொல்கிறது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருவேன்.

இவ்வளவு ஆத்திரத்தோடு தேடிய ஜனங்களுக்கு ஏடுகள் விஷயத்தில் நேர்ந்த துர்ப்பாக்கியம் கொஞ்சநஞ்சமல்ல. 1861, 1871 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளின் மூலத் தாள்களைக் கூட்டல் கழித்தல் முடிந்ததும் சர்க்காரே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் மகாயுத்தத்தின்போது காகிதக் கூழாகிவிட்டன. அதற்கு முந்திய நாலு கணக்கெடுப்புகளும், நூற்றாண்டுக் கணக்கான உயில்களும் கோர்ட்டு ஆவணங்களும் டப்ளின் நகரத்தில் 'நாலு கோர்ட்டுகள்' என்ற கட்டடத்தை ஒட்டியிருந்த ஆவணக் களஞ்சியத்தில் இருந்தன. உள்நாட்டுப் போரில் ஒரு கட்சி அந்தக் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கட்சி பீரங்கி வைத்துச் சுட்டது. 1922 ஜூன் 30-ம் தேதி குண்டு வெடித்துத் தீப்பற்றியது. எழுநூறு வருஷத்துக் காகிதம் சாம்பலாக டப்ளின் வீதிகளில் பறந்தது. முழுசாகத் தப்பிய பழைய கணக்கெடுப்புகள் 1901, 1911 இரண்டே.

தப்பியதிலும் வழி கண்டுபிடிப்பது எளிதல்ல. அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாளில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் "அயர்லாந்து" என்று ஒரே வார்த்தை இருக்கும். அயர்லாந்திலோ டவுன்லாந்து என்று சொல்லும் சின்னச் சின்ன ஊர்ப் பிரிவுகள் அறுபதாயிரத்துக்கு மேல். பெயரை வைத்துப் பிடிக்கலாம் என்றால், அவர்களிடம் நமக்குத் தெரிந்த ஒரு பழக்கம் இருக்கிறது: தலைப்பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர். பாட்டன் பெயரைத் தாங்குவதனால்தானே நாமும் பெயரன், பேரன் என்கிறோம்? ஆறு பிள்ளைகளும் தங்கள் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரையே வைத்தால், ஒரே பங்கில் ஒரே வயதில் ஆறு பாட்ரிக் மர்ஃபிகள் நிற்பார்கள். அவர்களில் எவன் 1851-ல் கப்பலேறியவன்? ஞானத்தாய் ஞானத்தந்தையின் பெயர், நிலவரி மதிப்பீட்டுப் புத்தகத்தில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர், அமெரிக்காவில் கல்லறைக் கல்லில் வெட்டிய ஊர்ப்பெயர் என்று நூல் பிடித்துப் போக வேண்டும். பங்குக் கோயில்களிலேயே தங்கிவிட்டதால் நெருப்புக்குத் தப்பிய கத்தோலிக்க ரிஜிஸ்தர்களின் படங்களை 2015-ல் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகப் போட்டது. 1901, 1911 தாள்களும் அப்படியே கிடைக்கின்றன. கிராமந்தோறும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், முகம் தெரியாதவர்களுக்காக அந்த மங்கிய எழுத்தைப் படித்துச் சொல்கிறார்கள். அவர்களுக்கு என் நமஸ்காரம்.

இந்த வேலையை நேர்மையாகச் செய்தால் என்ன பலன் என்பதற்கு ஆனி மூர் கதை ஒன்று போதும். 1892 ஜனவரி முதல் தேதி நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் அதன் வாசலைத் தாண்டியவள், கார்க் ஜில்லாவிலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்த பதினேழு வயதுப் பெண். பத்து டாலர் தங்க நாணயம் பரிசு கொடுத்தார்கள். பிறகு அவள் என்ன ஆனாள்? மேற்கே டெக்ஸாஸுக்குப் போய்க் குடும்பமாக வாழ்ந்து டிராம் வண்டி மோதி இறந்தாள் என்று ஒரு கதை நெடுங்காலம் நடமாடிற்று. அந்த டெக்ஸாஸ் அம்மாளின் சந்ததியாரை விழாக்களுக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். 2006-ல் மேகன் ஸ்மோலெனியாக் என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து, அந்த டெக்ஸாஸ் அம்மாள் அமெரிக்காவிலேயே, இல்லினாய் மாகாணத்தில் பிறந்தவள் என்று காட்டினார். உண்மையான ஆனி மூர் நியூயார்க்கை விட்டே போகவில்லை. தென்கிழக்கு மூலையில் ஏழைகளின் சந்துகளில் வாழ்ந்தாள். பல குழந்தைகள் பெற்றாள். அவற்றில் பலவற்றைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தாள். 1924-ல் இறந்து, பெயர்க்கல் இல்லாத குழியில் கிடந்தாள். 2008-ல்தான் அவள் தலைமாட்டில் ஒரு கல் நட்டார்கள்.

டெக்ஸாஸ் கதை ஏன் அவ்வளவு நாள் நிலைத்தது என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அது நல்ல கதை. வந்தாள், மேற்கே போனாள், திடீரென்று செத்தாள் என்று விறுவிறுப்பாக இருக்கிறது. வந்தாள், அதே சந்தில் பெற்றாள், புதைத்தாள், செத்தாள் என்பதை எந்தப் பத்திரிகாசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் லட்சக்கணக்கான பெண்களுக்கு நடந்தது அதுதான். விழா மேடையிலிருந்து பொய் ஆனியை இறக்கி, மெய் ஆனிக்கு ஒரு கல் வாங்கிக் கொடுத்ததே, அந்த வேலையை நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

நான் சண்டைக்கு நிற்பது வேறு ஆசாமிகளோடு.

வம்சம் தேடுவது வியாபாரமாகவும் ஆடம்பரமாகவும் ஆகிவிட்டது. குடும்பப் பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்கு ஒரு கேடயச் சின்னம் எடுத்து நீட்டுகிற கடைகள் எத்தனை! கேடயச் சின்னம் ஒரு தனி மனிதனுக்கு அளிக்கப்பட்டது. அந்தப் பெயர் கொண்டவர்களுக்கெல்லாம் பொதுச் சொத்தல்ல என்பது விற்பவனுக்கும் தெரியும். பழைய குலமொன்றின் தலைவர் என்று 1992-ல் சர்க்கார் அலுவலகமே அங்கீகரித்த ஒருவருடைய வம்சாவளி புனைசுருட்டு என்று 1999-ல் அம்பலமாயிற்று. 2003-ல் அப்படி அங்கீகரிக்கும் வழக்கத்தையே கைவிட்டார்கள். 2011-லிருந்து சர்க்காரே 'அயர்லாந்து வம்சத்தவர்' என்று சான்றிதழ் அச்சடித்து வெளிநாட்டாருக்கு விற்றது. எதிர்பார்த்த விற்பனை இல்லை என்று 2015-ல் கடையைக் கட்டியது. கப்பலேறியவனின் பேரன் சான்றிதழ் வாங்க வரமாட்டான், பாட்டனின் வீட்டைப் பார்க்கத்தான் வருவான் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இந்த ஆடம்பரத்தின் உச்சம் அமெரிக்க ஜனாதிபதிகள். 1963-ல் கென்னடி வெக்ஸ்ஃபர்டு ஜில்லாவில் கொள்ளுப்பாட்டனின் வீட்டுக்கு வந்து உறவினரோடு தேநீர் குடித்தார். அது உறவு, அந்த வீட்டில் உறவினர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1984-ல் ரீகன் டிப்பரேரி ஜில்லாவில் பாலிபொரீன் என்ற ஊருக்கு வந்தார். 2011 மே மாதம் ஒபாமா, ஆஃபலி ஜில்லாவில் மனிகால் என்ற, முந்நூறு பேர் வசிக்கும் சிற்றூருக்கு வந்தார். அவருடைய தாய்வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்திய ஃபால்மத் கேர்னி என்ற செருப்புத் தைப்பவரின் மகன் 1850-ல் அங்கிருந்து புறப்பட்டவர். உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் ரிஜிஸ்தரைப் புரட்டி அதை உறுதிப்படுத்தியிருந்தார். ஊரெல்லாம் சுவருக்குப் புது வர்ணம் பூசினார்கள். பிறகு நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட்டுச் சிற்றுண்டி அருந்துமிடம் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நல்லது. ஐந்து தலைமுறைக்குப் பின் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனுக்கு இந்தக் கௌரவம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே.

ஆனால் அந்த மனிகாலிலிருந்து ஏறக்குறைய பத்து மைல் தூரத்தில் ராஸ்க்ரே என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கன்னிகாஸ்திரீகள் நடத்திய விடுதி ஒன்று இருந்தது. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை ஊரார் கண்ணில் படாமல் கொண்டு வந்து விடும் இடம். ஃபிலோமினா லீ என்ற பெண் 1952-ல் அங்கே ஒரு மகனைப் பெற்றாள். மூன்று வயது வரை அந்தக் குழந்தையைத் தினமும் பார்த்து வளர்த்தாள். 1955-ல் அவனை ஓர் அமெரிக்கக் குடும்பம் தத்தெடுத்துக்கொண்டு போயிற்று. இனிமேல் மகனைத் தேடுவதில்லை என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மகன் மைக்கேல் ஹெஸ் என்ற பெயரில் வளர்ந்து வக்கீலாகி, ரீகன் சார்ந்திருந்த குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகராக உயர்ந்தார். தம்மைப் பெற்றவளைத் தேடி அவர் ராஸ்க்ரேக்குத் திரும்பி வந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்தார். பதில் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்த்த தாயும் அதே வாசலில் வந்து மகனைப் பற்றிக் கேட்டாள். அவளுக்கும் பதில் கிடைக்கவில்லை. 1995-ல் மகன் இறந்தார். தம்மை அங்கேயே புதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். என்றாவது தாய் தேடி வந்தால் கல்லையாவது பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். தாய் வந்தாள், கல்லைப் பார்த்தாள்.

ஒரே வட்டாரம். ஓர் ஊரில் 1850-ல் போனவனுடைய ஐந்தாம் தலைமுறைக்காகச் சுவருக்கு வர்ணம் அடித்தார்கள். பத்து மைலுக்கு அப்பால் 1955-ல் போனவன் தானே திரும்பி வந்து கதவைத் தட்டியபோது, அவனுடைய தாய் உயிரோடு இருக்கிறாள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை.

இது ஏதோ ஒரு விடுதியில் நடந்த ஒரு கதை என்று தள்ளிவிட முடியாது. 1940-களிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை அயர்லாந்திலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். பாஸ்போர்ட்டு கொடுத்தது சர்க்கார். அதன் கோப்புகள் சர்க்கார் அலுவலகத்திலேயே இருந்தன. 1996-ல்தான் ஊருக்குத் தெரிய வந்தன. இவர்களும் கப்பலிலும் விமானத்திலும் ஏறிப் போன அயர்லாந்து மக்கள்தாமே? இவர்களுக்கு அமெரிக்க இழவுகூட யாரும் கொண்டாடவில்லை.

இனி, பேச்சு எப்படி இருந்தது என்று பாருங்கள். 1990-ல் ஜனாதிபதியான மேரி ராபின்ஸன் கடல் கடந்து போனவர்களை நினைத்துத் தம் மாளிகை ஜன்னலில் ஒரு விளக்கு வைத்தார். அது உண்மையான அன்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். 1998-ல் அரசியல் சட்டத்தின் இரண்டாம் விதியையே திருத்தி, வெளிநாட்டில் வாழும் அயர்லாந்து வம்சத்தாரோடு உள்ள உறவைத் தேசம் போற்றுகிறது என்று எழுதிக்கொண்டார்கள். அதே 1998-ல் உச்ச நீதிமன்றத்தில், தாயின் பெயரை அறிய விரும்பியவர்களின் வழக்கு வந்தபோது, அறியும் உரிமை உண்டு என்றாலும் தாயின் அந்தரங்க உரிமையோடு வைத்து எடைபோட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எடைபோடும் சட்டம் வர இருபத்து நாலு வருஷம் ஆயிற்று. இதற்கிடையில் 2013-ம் ஆண்டு முழுவதையும் 'கூடுகை' என்று பெயரிட்டு, உலகெங்கும் உள்ள உறவினரே வாருங்கள் என்று சுற்றுலாக்காரர்கள் பறை சாற்றினார்கள். நடிகர் கேப்ரியல் பர்ன், இது அக்கரைச் சொந்தங்களின் பையை உலுக்கும் காரியம் என்ற பொருள்படச் சொன்னதற்கு அவர்மேல் பாய்ந்தார்கள். ஃபிலோமினாவின் கதை சினிமாவாகி உலகெங்கும் ஓடியதும் அதே 2013-ல்தான். உறவினர்களை அழைத்த வருஷத்தில், அழைக்கப்படாத உறவினரின் கதையைப் பார்த்து உலகம் அழுதது.

பூட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்லும் சமாதானங்களையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது, மானம். "அந்தப் பெண்களுக்கு ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்தோம், அவர்கள் பிறகு கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள், பழைய கதையைக் கிளறினால் அவர்கள் கதி என்ன?" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபிலோமினா போன்ற பெண்களிடம் நடந்தது என்ன? வாக்கு வாங்கினார்கள். தேடமாட்டேன் என்று பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தக் காகிதத்தையே அவளுக்குச் செய்த உபகாரமாகக் காட்டுகிறார்கள். பேச விரும்பாத தாய் இருக்கலாம். அவள் விருப்பத்தை மதிக்க வேண்டியதுதான். ஒருவருடைய பெயரைத் தெரிந்துகொள்வது வேறு. அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியதில்தான் இந்த வாதத்தின் சூது இருக்கிறது.

இரண்டாவது, நன்றி. "எடுத்து வளர்த்தவர்கள் இருக்கும்போது பெற்றவளைத் தேடுவது நன்றிகெட்ட செயல்." பாங்கிக் குமாஸ்தாவின் புத்தகத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். 1850-ல் எழுத்தறியாத கூலிக்காரன் தன் தாயின் பெயரைச் சொல்லித் தன் பணத்தை வாங்கிக்கொண்டு போனான். நூறு வருஷத்துக்குப் பிறகு அதே தேசத்தில் பிறந்து, படித்து, வக்கீலாகவும் வாத்தியாராகவும் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குறையை எத்தனை அன்பான வளர்ப்புப் பெற்றோரும் தீர்த்துவைக்க முடியாது. நல்ல வளர்ப்புப் பெற்றோர் பலர் கூடவே சேர்ந்து தேடியிருக்கிறார்கள்.

மூன்றாவது, ஏடு சரியில்லை என்பது. உண்மைதான், சில ஏடுகள் சரியில்லைதான். ஏன் சரியில்லை? தத்துக் கொடுத்ததையே மறைத்து, எடுத்தவர்களே பெற்றவர்கள் என்று பிறப்பைப் பொய்யாகப் பதிவு செய்திருக்கிறார்கள். 2018-ல் ஒரே ஒரு ஸ்தாபனத்தின் கோப்புகளிலிருந்து மட்டும் இப்படி 126 பொய்ப் பதிவுகள் வெளிப்பட்டன. நெருப்பு அழித்த ஏட்டில் ஒன்றும் இல்லை என்றாவது தெரியும். பொய் எழுதிய ஏடு ஒருவரை ஆயுள் முழுவதும் வேறொருவருடைய பாட்டன் கல்லறையில் பூ வைக்கச் செய்துவிடும். வம்சாவளி ஆராய்ச்சியில் பெருமை கொள்ளும் தேசத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

இதற்கெல்லாம் சட்டம் விழிக்கும் முன்பே ஜனங்கள் வேறு வழி கண்டுகொண்டார்கள். ஒரு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினால், இன்னார் உனக்குத் தாய்வழி ஒன்றுவிட்ட சகோதரர் என்று சோதனைச்சாலை சொல்லிவிடுகிறது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, ஞானஸ்நான ரிஜிஸ்தரும் கணக்கெடுப்புத் தாளும் பார்த்துப் பழகிய தொண்டர்களின் உதவியோடு, எத்தனையோ பேர் தாயின் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொள்ளுப்பாட்டனைத் தேடுவதற்காக வளர்ந்த வித்தை, தாயைத் தேடப் பயன்பட்டது. பூட்டு என்னவோ தொங்கிக்கொண்டுதான் இருந்தது. யாருடைய அந்தரங்கத்தையும் அது காப்பாற்றவில்லை. கேட்டுப் பெற்றிருந்தால் பக்குவமாக நடந்திருக்கக்கூடிய சந்திப்புகள், முன்பின் தெரியாத உறவினர் வழியாக முரட்டுத்தனமாக நடந்தன. அவ்வளவுதான் கண்ட பலன்.

கடைசியில் சட்டம் வந்தது. பிறப்புத் தகவலும் தேடலும் பற்றிய அந்தச் சட்டத்தில் கையெழுத்தான தேதி 2022 ஜூன் 30. டப்ளின் ஆவணக் களஞ்சியம் எரிந்து சரியாக நூறு வருஷம் நிறைந்த நாள்! அதே வாரத்தில்தான், எரிந்துபோன ஏடுகளுக்கு உலகமெங்கும் கிடைத்த பிரதிகளைத் திரட்டிக் கணிப்பொறியில் அந்தக் களஞ்சியத்தை மறுபடியும் எழுப்பிய டிரினிட்டி கல்லூரியாரின் அற்புதமான முயற்சியும் வெளியாயிற்று. சாம்பலிலிருந்து ஏட்டை எழுப்பத் தெரிந்த தேசத்துக்கு, எரியாத அலமாரியைத் திறக்க அந்த நாள் வரை ஆயிற்று.

சட்டம் அக்டோபரில் அமலுக்கு வந்தது. தத்துப் போனவருக்குத் தம் பிறப்புச் சான்றும் கோப்பும் கிடைக்க வழி ஏற்பட்டது. தாய் தொடர்பு வேண்டாம் என்று பதிந்திருந்தால், அதைத் தொலைபேசியில் எடுத்துச் சொல்லிவிட்டுச் சான்றைக் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் வேறு, கதவு தட்டுவது வேறு என்ற அந்தச் சிறிய உண்மையை ஒப்புக்கொள்வதற்கு, 1952-ல் வந்த முதல் தத்துச் சட்டத்திலிருந்து எழுபது வருஷம்! இந்த எழுபது வருஷத்தில் ராஸ்க்ரேயில் ஒரு கல் நடப்பட்டதுபோல எத்தனை கற்கள் நடப்பட்டனவோ!

சட்டம் வந்துவிட்டதே, இன்னும் ஏன் சண்டை என்று வாசகர்கள் கேட்கலாம். பொய்ப் பதிவுக்கு ஆளானவர்களுக்குக் கோப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. அவர்களுக்காக ஊர் ஊராகப் போய்த் தேட வேண்டும். தேடத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். கால்வே ஜில்லாவின் கிராமங்களில் ஒரு நல்ல இயக்கம் தொடங்கியது: அமெரிக்காவிலிருந்து யாராவது கேட்டு வரட்டும் என்று காத்திராமல், எங்கள் பங்கிலிருந்து போனவர்கள் எங்கே என்று ஊராரே புறப்பட்டுத் தேடுவது. தேடும் கடமை போனவருக்கு மட்டும் அல்ல, இருப்பவருக்கும் உண்டு என்று கண்டார்களே, அது பெரிய கருத்து. அதே கருத்தை 1850-ல் போனவனுக்குப் பிரயோகிப்பவர்கள் 1960-ல் போன குழந்தைக்கும் பிரயோகிக்கட்டும். வயது காரணமாகவே இந்தத் தேடலை முதல் வரிசையில் வைக்க வேண்டும். கேர்னியின் ரிஜிஸ்தர் இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும். தொண்ணூறு வயதுத் தாய் காத்திருக்க மாட்டாள்.

வம்சாவளிப் படம் வரைந்து வைத்திருக்கும் எந்த அயர்லாந்துக் குடும்பத்திலும் ஒரு கிளையை உற்றுப் பார்த்தால், பிறந்த வருஷம் மட்டும் எழுதி, அதற்குமேல் ஒன்றும் எழுதாமல் விட்ட ஒரு பெண் இருக்கக்கூடும். கல்யாணம் இல்லை, இறந்த தேதி இல்லை. 'இங்கிலாந்துக்குப் போனாள்' என்று மட்டும் பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு பேச்சை மாற்றிவிடுவார்கள். ராஜாவும் ஜனாதிபதியும் உங்கள் வம்சத்தில் உண்டா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள், அந்தப் பெண் எங்கே போனாள், எந்த விடுதியில் இருந்தாள், அவள் பெற்ற குழந்தை இன்று எந்த ஊரில் தன் தாயின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை முதலில் கேட்கட்டும்.